ஹாப்ஸ் வாடுவதற்குள்

வைல்டரில், பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் தோட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்குச் சோழவந்தான் கொடிக்கால்தான் கண்முன் வந்தது. அங்கே அகத்தியைப் பற்றிக்கொண்டு வெற்றிலை ஏறும். இங்கே ஐந்தரை மீட்டர் உயரத்துக்கு மரக்கம்பங்கள் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதிலிருந்து கயிறு தொங்கவிட்டிருக்கிறார்கள். கயிற்றைச் சுற்றிச் சுற்றி ஏறிய ஹாப்ஸ் கொடி உச்சியில் கவிழ்ந்து கூரை போட்டிருந்தது. வெயில் காலை எட்டரைக்கே சுள்ளென்று அடித்தாலும் உள்ளே நிழல், குளிர்ச்சி. தாத்தாவின் கொடிக்காலில் நின்றபோது அடித்த அதே ஈர மண் வாசம். அதோடு வேறொன்றும் கலந்திருந்தது: பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த நெடி.

2018 செப்டம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு வருஷம் இருந்த போய்சி நகரை விட்டு ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தோம். எனக்கு ஹில்ஸ்பரோவில் சிப் தொழிற்சாலையில் வேலை, மனைவிக்கு போர்ட்லேண்டில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை. வீட்டுச் சாமான்கள் முந்தைய நாளே லாரியில் போய்விட்டன. லாரியை நம்பி அனுப்ப மனம் வராத பொருள்கள் மட்டும் காரில் இருந்தன. மகளின் வயலின், சாமி படங்கள், பிறகு ஒன்பது வருஷமாகக் காரேஜ் பரணில் தூசி படிந்து கிடந்த ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை, முப்பது லிட்டர் பானை, செம்புச் சுருள் குழாய். எல்லாம் வீட்டில் பியர் காய்ச்சும் சாமான்கள்.

வைல்டர் போய்சிக்கு மேற்கே ஒரு மணி நேரத் தொலைவு. என்னோடு வேலை பார்த்தவரின் மாமனாருக்கு அங்கே ஹாப்ஸ் தோட்டம். அறுவடை நடக்கிறது, போகிற வழியில் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டிருந்தார். கொடியை அடியில் ஒரு வெட்டு, உச்சியில் ஒரு வெட்டு. கொடி அப்படியே வண்டியில் சரிகிறது. களத்தில் இயந்திரம் கொடியை உரித்துப் பூவைத் தனியே பிரிக்கிறது. பிரித்த பூவை உலர்த்துகளத்தில் இடுப்பளவு பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை ஏற்றிக் காயவைக்கிறார்கள். கொடியில் இருக்கும்போது ஹாப்ஸின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதைப் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே கொண்டுவந்தால்தான் வருஷம் முழுக்கத் தாங்கும்.

பெரியவர் ஒரு பூவைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் அளவு, வெளிர் பச்சை, காகிதம் போன்ற இதழ்கள் ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று. நீளவாக்கில் பிளக்கச் சொன்னார். ஒவ்வொரு இதழின் அடியிலும் மஞ்சள் தூள், மகரந்தம் போல. லூபுலின் என்று அதற்குப் பெயர். பியரின் கசப்பும் மணமும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன. விரலில் தேய்த்தால் பலாப்பால் போலப் பிசுபிசுத்துக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. ரகத்தின் பெயர் கேஸ்கேட். கார்வாலிஸில் உள்ள ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வேளாண் துறை வளர்த்தெடுத்து, 1972-ல் வெளியிட்ட ரகம். அமெரிக்கச் சிறு ஆலைகளின் பியருக்கு இன்றிருக்கும் மணத்தை முதலில் தந்தது இதுதான் என்பேன். 1980-ல் வந்த சியரா நெவாடா பேல் ஏலை ஒருமுறை முகர்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கிளம்பும்போது ஒரு சாக்குப் பை நிறையப் பச்சைப் பூவை அள்ளிக் கொடுத்தார். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். "நாளைக்குள் பானையில் போட்டுவிட வேண்டும். அதற்குமேல் தாங்காது" என்றார். தண்ணீர் தெளித்து வைக்கலாமா என்று கேட்டேன். தாத்தா வெற்றிலைக் கவுளிக்குத் தண்ணீர் தெளித்து வாழைச் சருகில் கட்டி இரவோடு இரவாக மதுரைக்கு அனுப்பிய நினைப்பு. பெரியவர் பதறிவிட்டார். ஈரம் பட்டால் அழுகும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் எருக்குழி மாதிரி உள்ளுக்குள்ளேயே சூடேறிவிடும். சாக்கின் வாயைத் திறந்தே வைத்து, அடியில் ஐஸ் பெட்டி வைத்து, அடிக்கடி நடுவில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு தெரிந்தால் கிளறிவிட வேண்டும்.

அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். பின் இருக்கையில் அவளுக்கு ஒரு பக்கம் பெல்ட் போட்ட கண்ணாடிக் குடுவை, இன்னொரு பக்கம் ஹாப்ஸ் சாக்கு.

வாங்கிக்கொண்டேனே தவிர, அதை வைத்துக் காய்ச்ச என்னிடம் பார்லியும் இல்லை, ஈஸ்டும் இல்லை. ஒன்பது வருஷமாகக் காய்ச்சவும் இல்லை.

ஏன் விட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2006-ல் தொடங்கினேன். அப்போது எங்கள் பகுதியில் ஒரு சின்னக் கடை இருந்தது. அதை நடத்தியவர்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருஷத்தில் கடையை மூடிவிட்டார். அதன்பிறகு தபாலில் வரவழைத்தேன். ஒருமுறை கோடையில், வெயிலில் பல நாள் அலைந்து உப்பிப்போன ஈஸ்ட் உறை ஒன்று வந்தது. அதைப் பத்திரப்படுத்தி ஜனவரியில் காய்ச்சினேன். குளிர்ந்த காரேஜில் பத்து நாளில் குமிழ் வருவது நின்றுவிட்டது. சரி, முடிந்தது என்று பாட்டிலில் அடைத்து வீட்டுக்குள் அலமாரியில் வைத்தேன். மூன்றாவது வாரம், இரவு இரண்டு மணிக்கு, இரண்டு பாட்டில்கள் வெடித்தன. சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டிலில் ஒன்பது மாதக் குழந்தை. அலமாரிக் கதவின் பலகையில் ஒரு கண்ணாடிச் சில் விரல் ஆழத்துக்குச் செருகியிருந்தது. அதை இடுக்கியால் பிடுங்கியபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளே எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டேன்.

ஒன்டாரியோ அருகே ஸ்னேக் ஆற்றைக் கடந்தால் ஒரிகன். அதற்கு மேல் சிறிது தூரம் போனால் மலை நேரம் முடிந்து பசிபிக் நேரம் தொடங்குகிறது. கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும். "அப்பா, ஹாப்ஸுக்கு ஒரு மணி நேரம் கூடக் கிடைச்சிருச்சு" என்றாள் மகள். பூவுக்குக் கடிகாரம் தெரியாதே என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பேக்கர் சிட்டி வரை வறண்ட குன்றுகள், வைக்கோல் நிறம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகளின் மாட்டு வண்டிகள் போன அதே ஒரிகன் தடத்தை ஒட்டித்தான் இந்த நெடுஞ்சாலையும் போகிறது. லா கிராண்டுக்குப் பிறகு நீல மலைகள், பைன் காடு. பெண்டில்டனுக்கு மேலே சாலை ஊசி வளைவுகளாகத் திடுதிப்பென்று இறங்குகிறது. கீழே கோதுமைச் சமவெளி கண்ணுக்கு எட்டும் மட்டும் விரிந்து கிடந்தது. மலைப்பாதையில் பிரேக்கை மிதித்தே பழகிய கால் இது. கியரைக் குறைத்து மெல்ல இறங்கினேன். பாதி இறக்கத்தில் பின்னாலிருந்து குரல்: "அப்பா, நடுவுல சூடா இருக்கு." அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டி, சாக்கைப் புல்லில் விரித்துக் கொட்டி, மூன்று பேரும் உட்கார்ந்து பூவை ஆறவைத்தோம். நடுப்பகுதி உண்மையிலேயே குழந்தையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. மனைவி ஐஸ் பெட்டிக்கு மேல் ஒரு பருத்தித் துண்டை விரித்து, பூவைத் தட்டையாகப் பரப்பினாள். அதன்பிறகு சூடேறவில்லை.

போர்ட்மேன் பக்கத்தில் கொலம்பியா ஆறு சாலையோடு சேர்ந்துகொள்ளும். அங்கிருந்து போர்ட்லேண்ட் வரை அது துணைக்கு வருகிறது. த டேல்ஸ் வரை இரு கரையிலும் மொட்டைப் பாறை. ஹூட் ரிவர் தாண்டினால் பச்சை. ஒரு மணி நேர ஓட்டத்தில் ராமநாதபுரத்திலிருந்து குற்றாலத்துக்கு வந்தது போல. ஹூட் ரிவரில் காபி குடிக்க நின்றோம். தெற்கே மவுண்ட் ஹூட் சிகரம் பனியோடு தெரிந்தது. இம்மண்ணின் பூர்வகுடிகள் அதற்கு வைத்த பெயர் வையீஸ்ட். 1986-ல் இந்தப் பள்ளத்தாக்கில் பியர் ஈஸ்ட் வளர்க்கத் தொடங்கிய நிறுவனம் அதே பெயரைச் சூட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் அந்தப் பெயருக்குள்ளேயே ஈஸ்ட் ஒளிந்திருக்கும். வெயிலில் வெந்துபோய் எனக்கு வந்த உறையும் இதே ஊரில் உயிரோடு கிளம்பியதுதான்.

மல்ட்னோமா அருவிக்கு முன்னும் பின்னும் மலைச்சரிவில் கருகிய மரங்கள் குச்சி குச்சியாக நின்றன. முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஒரு சிறுவன் எறிந்த பட்டாசால் பிடித்த தீ. கரிந்த அடிமரங்களின் காலடியில் பெரணிகள் துளிர்த்திருந்தன. 189 மீட்டர் உயரத்திலிருந்து அருவி அதன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. இறங்கிப் பார்க்க மகளுக்கு ஆசை. ஆனால் ஹாப்ஸைத் தனியே விட அவளுக்கே மனமில்லை.

இரவு புது வீட்டில் தரையில் படுத்தோம். சனிக்கிழமை காலை, வீட்டில் காய்ச்சுவோருக்குச் சாமான் விற்கும் கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றுவிட்டேன். எஃப். ஹெச். ஸ்டைன்பார்ட்; நகரின் தென்கிழக்கில், பன்னிரண்டாம் அவென்யூவில். எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். வைல்டர் பெரியவர் சொல்லித்தான் தெரியும்.

1918-ல் தொடங்கிய கடை. அந்த வருஷத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது 1920-ல். ஒரிகன் மாநிலமோ 1916-லேயே மதுவிலக்குக்குள் போய்விட்டது. வறண்ட மாநிலத்தில் பிறந்து இது நூறு வருஷம் நின்றிருந்தது. 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்யச் சட்டம் இடம் தந்தது; பியர் அதில் விட்டுப்போயிற்று. அந்த விடுபடல் சரியாவதற்கு நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வீட்டில் காய்ச்சுவதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது: வயது வந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கேலன், இருவர் உள்ள வீட்டுக்கு இருநூறு, விற்கக் கூடாது. அதே ஆண்டு கொலராடோவில் வீட்டுக் காய்ச்சுநர் சங்கத்தைத் தொடங்கிய சார்லி பபாசியன் 1984-ல் எழுதிய கையேடுதான் நான் படித்த முதல் பாடம். ஆனாலும் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு ஒப்ப வேண்டியிருந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை ஒப்பவில்லை. நம்மூரில் இன்றும் இது சட்ட விரோதம். இதை எழுதும்போது அந்த வேறுபாட்டை நான் மறக்கவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் மாவு மில் வாசனை. வறுத்த தானியத்தின் வாசனையும் கூடவே. பொன் நிறத்திலிருந்து காப்பிக்கொட்டைக் கறுப்பு வரை, முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட் வகைகள், ஓரத்தில் அரைக்கும் இயந்திரம். மேலுடையில் மாவு படிந்த ஒரு நடுவயது அம்மா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். கையிலிருந்த பட்டியலை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"கடைசியாக எப்போது காய்ச்சினீர்கள்?"

"ஒன்பது வருஷம் ஆகிறது."

"ஏன் நிறுத்தினீர்கள்?"

இதை இதுவரை எந்தக் கடையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பாட்டில் வெடித்ததைச் சொன்னேன். தொட்டிலையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நோயாளியிடம் வைத்தியர் கேட்பது போல ஒன்றொன்றாகக் கேட்டார். அடைக்கும் முன் அடர்த்தி எவ்வளவு காட்டியது? எத்தனை நாள் தொடர்ந்து அளந்தீர்கள்? காரேஜில் குளிர் எவ்வளவு? அளக்கவே இல்லை, குமிழ் நின்றதும் முடிந்துவிட்டது என்று எண்ணினேன் என்றேன்.

"ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. பாதியில் தூங்கிவிட்டது" என்றார். ஏற்கெனவே வெயிலில் நைந்த ஈஸ்ட். அதற்கு மேல் ஜனவரிக் குளிர். சாப்பிட வேண்டிய சர்க்கரையில் ஒரு பங்கை அப்படியே விட்டுவிட்டு அது அடியில் படிந்துவிட்டது. பாட்டிலில் நுரைக்காக நான் சேர்த்த சர்க்கரை வேறு. வீட்டுக்குள் கதகதப்பு கிடைத்ததும் விழித்துக்கொண்டு இரண்டையும் தின்றிருக்கிறது. வாயு போக வழியில்லை. கல்லா மேசையில் இருந்த ஹைட்ரோமீட்டரை எடுத்துக் காட்டினார். நீளக் கண்ணாடித் தக்கை, கழுத்தில் கோடுகள். சர்க்கரை கரைந்த நீரில் உயர மிதக்கும், சர்க்கரை தீரத் தீர அமிழும். "மூன்று நாள் தொடர்ந்து ஒரே கோட்டில் நின்றால்தான் மூடி போட வேண்டும். குமிழை நம்பாதீர்கள்."

ஒன்பது வருஷமாக அந்த இரவை என் தலைவிதி என்று சுமந்திருந்தேன். இவர் இரண்டு நிமிடத்தில் அதற்குக் காரணம் சொல்லிவிட்டார். தபாலில் பொருள் வரும், விலையும் குறைவுதான். ஆனால் இந்தக் கேள்விகள் தபாலில் வராது. அன்று எனக்குத் தேவைப்பட்டது இவைதான்.

பிறகு காரியத்தில் இறங்கினார். பெட்டியிலிருந்து ஒரு பிடி மால்டை எடுத்து மென்று பார்க்கச் சொன்னார். மொறுமொறுவென்று உடைந்து முதலில் பொரிகடலை போலவும் மெல்ல மெல்ல இனிப்பாகவும் மாறியது. கொலம்பியா ஆற்றுக்கு அக்கரையில், வேன்கூவரில் 1934-ல் தொடங்கிய ஆலையின் மால்ட் அது. நாலரைக் கிலோ எடுத்து, கொஞ்சம் சிவப்பேறிய மால்டும் கலந்து அரைத்தார். அரைத்ததை உள்ளங்கையில் விரித்துக் காட்டினார். உமி முழுசாக இருக்க வேண்டும், பருப்பு மட்டும் உடைய வேண்டும். உமிதான் பின்னால் வடிகட்டி. என் பட்டியலில் இருந்த பாதிப் பொருளை வேண்டாம் என்று திருப்பி வைத்தார். பச்சை ஹாப்ஸின் கசப்பு எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே கசப்புக்கு உலர்ந்த ஹாப்ஸ் குளிகை கொஞ்சம், மணத்துக்குக் கடைசியில் பச்சைப் பூ. குளிர்பெட்டியில் ஈஸ்ட் உறைகளைப் புரட்டி, பின்னாலிருந்து ஒன்றை எடுத்துத் தேதியைக் காட்டினார். செய்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஹூட் ரிவரில் காபி குடித்த இடத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தது, ஒரு மணி நேரப் பயணத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

நகரத் தண்ணீரைப் பற்றியும் சொன்னார். புல் ரன் காட்டிலிருந்து 1895 முதல் போர்ட்லேண்டுக்கு வரும் மழைநீர். தாது உப்பு மிகக் குறைவு, காய்ச்சுபவருக்கு வெறும் சிலேட்டு போல. குளோரினோடு அம்மோனியாவும் சேர்க்கிறார்கள், கொதிக்கவைத்தாலும் அது எளிதில் போகாது. அரை மாத்திரை காம்ப்டன் போட்டால் போய்விடும்.

மதியம் ஒரு மணிக்கு அடுப்பு பற்றவைத்தோம். அரைத்த மால்டை 67 டிகிரி வெந்நீரில் கரைத்து ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். முதலில் கூழ் மாதிரி கெட்டியாக, வெளுத்து இருந்தது. இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் நீர்த்துத் தெளிந்து, கரண்டியில் எடுத்தால் இனிக்கிறது. மனைவி எட்டிப் பார்த்து, "முளைகட்டின கேப்பைக் கூழ் மாதிரிதானே?" என்றாள். அதேதான். மகளுக்கு ஆறு மாதத்தில் முளைகட்டிய கேழ்வரகை அரைத்துக் கூழ் காய்ச்சிக் கொடுத்தபோது, சாதா மாவுக் கூழைப் போல இறுகாமல் ஏன் நீர்த்து இனித்தது என்று அன்று நாங்கள் யோசித்ததில்லை. முளைக்கும் விதை தன் மாவைச் சர்க்கரையாக்கத் தானே நொதியைத் தயாரித்துக்கொள்கிறது. ராகி மால்ட் என்று டப்பாவில் எழுதியிருக்கும் மால்டும் இந்த மால்டும் ஒன்று.

வடித்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டோம். கடைசி ஐந்து நிமிடம் மகள் சாக்கோடு வந்து நின்றாள். பூ இன்னும் பச்சையாகத்தான் இருந்தது, ஓரம் மட்டும் லேசாகப் பழுப்பேறியிருந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். ஒரு கிலோ பூவில் பானையே மறைந்துவிட்டது. எழுந்த ஆவியில் பம்பளிமாஸும் வெட்டின புல்லும் சேர்ந்து, சாமான் பிரிக்காத அந்தக் காலி வீடு முழுக்க மணந்தது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன வாசனை என்று கேட்டுவிட்டுப் போனார். செம்புச் சுருளில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு ஆறவைத்து, குடுவையில் ஊற்றி, 1.052 என்று அளந்து, ஈஸ்டைச் சேர்த்தபோது மணி ஏழு.

குடுவையை வீட்டிலேயே அதிகம் குளிராத இடத்தில், ஹாலின் மூலையில், போர்வை சுற்றி வைத்தோம். மறுநாள் காலை நுரை கழுத்துவரை ஏறியிருந்தது. பதினோராம் நாள் குமிழ் நின்றது. நான் எதையும் தொடவில்லை. ஹைட்ரோமீட்டரைப் படிக்கும் வேலையை மனைவியிடம் கொடுத்தேன். தினமும் ஆய்வகத்தில் அளவு பார்க்கிற கண் அவளுடையது. முதல் நாள் சமையலறை நாட்காட்டியில் 1.014 என்று பென்சிலில் எழுதினாள். அடுத்த நாள் 1.011. நான் போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினேன். அதற்கடுத்த நாளும் 1.011, அதற்கடுத்த நாளும்.

நான்காவது நாள் மாலை அவள் கண்ணாடித் தக்கையைக் கண்ணுக்கு நேரே வைத்து வெகுநேரம் பார்த்தாள். "மூணு நாளா ஒரே கோட்டுலதாங்க நிக்குது" என்று சொல்லிவிட்டு, அலமாரியைத் திறந்து பாட்டில்களைக் கழுவ எடுத்து வைத்தாள்.